இருதயத்தின் பாரம் இறக்கிய மாத்திரைகள்



நம் சங்க இதழில் மருந்துகளைப் பற்றி வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு பாடக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று நண்பர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். நான் டாக்டர் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துக் கடையில் நின்றவன். முதலில் பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும், பிறகு இடுக்கி மாவட்டத்தின் குமுளியிலும் வேலை பார்த்தேன். இரண்டும் எல்லை ஊர்கள். என் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வீடு இந்தப் பக்கம், உறவு அந்தப் பக்கம். காய்ச்சலுக்கு இங்குள்ள டாக்டர். நெஞ்சுக்கு என்றால் கோயமுத்தூர், தேனி, மதுரை என்று அந்தப் பக்கத்து டாக்டர்.

இந்த வழக்கத்தில் தவறில்லை. ஆனால் இதனால் ஒருமுறை என் கண்ணெதிரே ஓர் உயிர் போகப் பார்த்தது. அதில் என் பங்கும் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அது ஏன் நடந்தது என்பது விளங்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் பாடம் படித்தாக வேண்டும்.

இருதயத் தளர்ச்சி என்றால் என்ன?

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்னதும், இருதயம் நின்றுவிட்டது என்று எண்ணிக் குடும்பமே அழத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியல்ல. இருதயம் நிற்கவில்லை, தளர்ந்திருக்கிறது. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைக்கும் வலு அதற்கு இல்லை. மாரடைப்பு என்பது வேறு. மாரடைப்பில் இருதயத் தசையின் ஒரு பகுதி இரத்தம் கிடைக்காமல் செத்துப் போகிறது. அப்படிச் செத்த பகுதியின் காரணமாகப் பின்னாளில் தளர்ச்சி வரலாம். பல ஆண்டு இரத்தக் கொதிப்பு, வால்வு நோய், சர்க்கரை, அளவு மீறிய குடி ஆகியவையும் தளர்ச்சிக்குக் காரணமாகின்றன.

அறிகுறிகள் இவை: மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல், இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், கால் வீங்குதல், சாப்பாடு குறைந்தும் எடை கூடுதல். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், "வயசாச்சு, மலையேற முடியல" என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். அங்கேதான் முதல் தவறு நேர்கிறது.

சித்தூர் தாலூகா விவசாயிகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. உங்கள் பம்ப் செட் மோட்டார் பழசாகிவிட்டது. வயலின் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. விஷயம் தெரியாத ஒருவன், "தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று கிணற்றில் மேலும் தண்ணீர் விடுகிறான். வேகம் கிடைக்கட்டும் என்று குழாயின் வாயையும் நெருக்கிப் பிடிக்கிறான். மோட்டார் என்னவாகும்? முன்னிலும் அதிகமாகத் திணறும், ஒருநாள் புகைந்துவிடும்.

நம் உடம்பும் அந்த விஷயம் தெரியாத ஆளைப் போலவே நடந்துகொள்கிறது. இருதயம் தளர்ந்து சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தவுடன், எங்கோ காயம் பட்டு இரத்தம் போய்விட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேர்த்து வைக்கிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. காயம் பட்டவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. இருதயம் தளர்ந்தவனுக்கோ இது மேலும் பாரம். இந்த ஏற்பாட்டை நடத்துபவை நொதிகள்.

நொதி என்னும் கத்தரிக்கோல்

என்சைம் என்று டாக்டர்கள் சொல்வதைத் தமிழில் நொதி என்கிறோம். இது நம் சமையலறைக்குப் புதிதல்ல. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவார்கள். கறி மெத்தென்று ஆகிவிடும். காயின் பாலிலுள்ள நொதி, இறைச்சியின் புரதத்தை வெட்டித் துண்டாக்குவதே காரணம். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அதுவும் எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை வெட்டுவதால்தான்.

ஆக, பல நொதிகள் கத்தரிக்கோல்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஏற்பட்ட பொருளைத்தான் வெட்டும். அந்தக் கத்தரிக்கோலின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற, ஆனால் வெட்டுப்படாத ஒரு பொருளைச் செருகிவிட்டால் கத்தரிக்கோல் சிக்கிக்கொண்டு வேலை செய்யாது. நொதியைத் தடுக்கும் மருந்து என்பது இப்படிச் செருகப்படும் பொருள்தான்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியை இரத்தத்தில் விடுகிறது. இதை 1898-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்தில் கண்டார்கள். கல்லீரல் உண்டாக்கும் ஒரு பெரிய புரதத்தை ரெனின் வெட்டுகிறது. அதிலிருந்து பத்து மணி கோத்த சிறு மாலை போன்ற பொருள் ஒன்று கிடைக்கிறது. அதன் பெயர் ஆஞ்சியோடென்சின் ஒன்று. இதனால் பெரிய தீங்கில்லை. அடுத்து இன்னொரு நொதி வந்து கடைசி இரண்டு மணிகளை வெட்டிவிடுகிறது. எட்டு மணி மாலையாக மிஞ்சுவது ஆஞ்சியோடென்சின் இரண்டு. இரத்தக் குழாயைச் சுருக்குவதும், உப்பைத் தேக்கச் சொல்லி ஆணையிடுவதும் இதுவே. இரண்டு மணிகளை வெட்டும் அந்த நொதிக்கு ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி என்று பெயர்; சுருக்கமாக ஏசிஇ.

இந்த ஏசிஇ இன்னொரு வேலையும் செய்கிறது. இரத்தக் குழாயைத் தளர்த்தி விரிக்கும் பிராடிகினின் என்ற நல்ல பொருளையும் அது வெட்டி அழித்துவிடுகிறது. இதை மறவாதீர்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

விரியன் தந்த துப்பு

இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் குழிவிரியனைக் காணாதவர் குறைவு. செடித் தண்டோடு தண்டாகச் சுருண்டு கிடக்கும். இதன் தூரத்து உறவு ஒன்று பிரேசில் நாட்டில் இருக்கிறது, பெயர் ஜராராக்கா. அந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். ஏன் என்று ஆராய்ந்த ரோச்சா இ சில்வா என்ற பிரேசில் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், அந்த விஷம் நம் இரத்தத்திலிருந்தே பிராடிகினினைக் கிளப்பிவிடுகிறது என்பதை 1949-இல் கண்டறிந்தார்கள்.

அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா. பிராடிகினின் நொடிகளில் அழிந்துவிடுகிறதே, பிறகு விஷத்தின் வேகம் எப்படி நீடிக்கிறது என்று அவர் யோசித்தார். பிராடிகினினை அழியவிடாமல் காக்கும் வேறொரு சரக்கும் அதே விஷத்தில் கலந்திருப்பதை 1965-இல் கண்டார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேன் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பக்லே என்ற ஆய்வாளர் அந்த விஷச் சரக்கைச் சோதித்தபோது, அது ஏசிஇ நொதியையே முடக்குவது தெரிந்தது. ஒரே கத்தரிக்கோல்தான் இரண்டு வேலைகளையும் செய்கிறது; அதைப் பாம்பு பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வைத்திருக்கிறது!

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நம் தோட்டத்து விரியனின் விஷத்தில் மருந்து இருக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடி பட்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு

ஜான் வேன், ஸ்குவிப் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு அங்கே டேவிட் குஷ்மன், மிகேல் ஒன்டெட்டி என்ற இருவர் வேலையில் இறங்கினார்கள். விஷத்திலிருந்த ஒன்பது மணி மாலை ஒன்றைச் செயற்கையாகவே செய்தார்கள். அது டெப்ரோடைட் எனப்பட்டது. நோயாளிகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம். அதை ஊசியாகத்தான் போட முடியும். வாயால் விழுங்கினால், ஆட்டுக்கறிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். வயிற்று நொதிகள் வெட்டித் தள்ளிவிடும். ஆயுள் முழுதும் எடுக்க வேண்டிய மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

1974-இல் அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. மாட்டின் கணையத்திலுள்ள ஒரு செரிமான நொதியை, மிகச் சிறிய ஓர் இரசாயனப் பொருளால் முடக்கலாம் என்று அதற்கு முந்திய ஆண்டு வேறு இருவர் எழுதியிருந்தார்கள். அந்த நொதியின் வாயில் துத்தநாக அணு ஒன்று இருக்கிறது. ஏசிஇ நொதியிலும் துத்தநாகம் உண்டு. அப்படியானால் இரண்டு கத்தரிக்கோல்களும் ஒரே அச்சில் வார்த்தவையாகத்தான் இருக்க வேண்டும்! நொதியைக் கண்ணால் காணாமலேயே, அதன் வாய் இப்படித்தான் இருக்கும் என்று தாளில் வரைந்து பார்த்தார்கள். பாம்பு விஷ மாலையின் கடைசி மணியாகிய புரோலினை ஒரு முனையில் வைத்து, துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கக் கந்தகம் கலந்த கொக்கி ஒன்றை மறுமுனையில் பொருத்தினார்கள். இப்படி 1975-இல் உருவானதே கேப்டோபிரில். 1981-இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது.

அதற்கு முன்னெல்லாம் புதிய மருந்து என்றால் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். பூட்டின் அமைப்பை யோசித்துச் சாவியைச் செதுக்கியது இங்கே. இதற்காகக் குஷ்மனுக்கும் ஒன்டெட்டிக்கும் 1999-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

கேப்டோபிரிலில் சிறு குறைகள் இருந்தன. கந்தகக் கொக்கியின் காரணமாகச் சிலருக்கு நாக்கில் ருசி போயிற்று, தோலில் தடிப்பு வந்தது. ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை விழுங்க வேண்டியிருந்தது. மெர்க் நிறுவனத்தார் கந்தகத்தை நீக்கி எனலாபிரிலைச் செய்தார்கள். லிசினோபிரில், ராமிபிரில், பெரிண்டோபிரில் என்று குடும்பம் பெருகியது. எல்லாம் 'பிரில்' என்று முடிவதைக் கவனியுங்கள். இந்த ஒரு குறிப்பு நம் உயிரைக் காக்கும்.

சாட்டையும் பாரமும்

மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது சரி, தளர்ந்த இருதயத்துக்கு அது நல்லதா? அந்நாளில் பல டாக்டர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. தளர்ந்த இருதயத்துக்கு ஊக்கம் தர வேண்டும் என்பதே பழைய எண்ணம். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் எழுதி வைத்த டிஜிட்டாலிஸ் செடி மருந்து அப்படிப்பட்டது. அதுவும் உயிரணுக்களில் உப்பை வெளியேற்றும் ஒரு நொதியைத் தடுத்துத்தான் இருதயத்தை அழுத்தமாகத் துடிக்கச் செய்கிறது. நம் ஊர் அரளியில் இருப்பதும் இதே வகை நஞ்சு. 1997-இல் வெளியான 6,800 பேர் பங்குகொண்ட ஆய்வு, டிகாக்சின் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டவில்லை என்று காட்டியது.

இன்னும் கடுமையான பாடத்தை மில்ரினோன் கற்பித்தது. இதுவும் நொதியைத் தடுக்கும் மருந்தே. ஆனால் வேறொரு நொதி. இருதயத்தை முடுக்கிவிடும். விழுங்கியவர்களுக்குத் தெம்பு வந்தது போலத் தோன்றியது. 1991-இல் 1,088 நோயாளிகளிடம் கிடைத்த முடிவோ அதிர்ச்சி தந்தது: மாத்திரை எடுத்தவர்களிடையே மரணம் 28 சதவீதம் அதிகம்! களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து மேடேற்றினால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பிறகு மாடு விழுந்துவிடும்.

பிரில் மருந்துகள் சாட்டையைத் தொடவில்லை. வண்டியிலிருந்து மூட்டையை இறக்கின. 1987-இல் வெளியான கான்சென்சஸ் என்ற ஆய்வு சுவீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் நடந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த 253 பேரில் பாதிப் பேருக்கு எனலாபிரிலும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனலாபிரில் எடுத்தவர்களில் 26 சதவீதம். 1991-இல், அவ்வளவு முற்றாத 2,569 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் மரணம் 16 சதவீதம் குறைந்தது. அதிலிருந்து உலகெங்கும் இருதயத் தளர்ச்சி வைத்தியத்தின் போக்கே மாறிவிட்டது.

நம் நாட்டுக்கு இன்னொரு நன்மையும் அமைந்தது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே இந்திய நிறுவனங்கள் எனலாபிரிலை மலிவாகச் செய்து விற்றன. தோட்டக் கூலி வாங்கும் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் இந்த மாத்திரை என் கடைக்கு வந்தது அதனால்தான். 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை திரும்பி வந்தது.

கொழிஞ்சாம்பாறைப் பெரியவரின் இருமல்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் மாதந்தோறும் எனலாபிரில் வாங்கிப் போவார். திடீரென்று வரவில்லை. மூன்று மாதம் கழித்து மூச்சிரைக்க வந்தார். "வறட்டு இருமல் புடிச்சு உயிரை வாங்குச்சு தம்பி. மாத்திரைய நிறுத்தினேன், இருமல் நின்னு போச்சு. அதான் வாங்கல" என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அவர் கண்டது சரிதான்; செய்ததுதான் தவறு. ஏசிஇ முடங்கினால் பிராடிகினின் அழியாமல் சேர்கிறது என்றேன் அல்லவா? குழாய் விரிவதற்கு அது நல்லது. ஆனால் தொண்டையிலும் நுரையீரலிலும் சேர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டி இருமலை உண்டாக்குகிறது. நூற்றில் ஐந்து முதல் இருபது பேர் வரை இந்த இருமல் வரலாம். சளி வராது; இருமல் டானிக் கேட்காது. அதற்கு மாற்று உண்டு. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கும் 'சார்ட்டான்' வகை மருந்துகள் 1995-இல் அமெரிக்க அனுமதி பெற்ற லோசார்ட்டானில் தொடங்கி வந்துவிட்டன. அவை நொதியைத் தொடுவதில்லை, பிராடிகினினும் சேர்வதில்லை. அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மருந்து மாறியது, இருமலும் இல்லை, வீக்கமும் வடிந்தது.

இரண்டாவது கத்தரிக்கோல்

இருதயம் வெறும் பம்ப் அல்ல என்பது 1981-இல் தெரிந்தது. கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் என்பவர் எலியின் இருதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவை உப்பும் நீருமாகச் சிறுநீரைக் கொட்டித் தீர்த்தன. பாரம் தாங்காத இருதயம், "போதும், உப்பை வெளியேற்று" என்று தானே ஒரு தூது அனுப்புகிறது! இயற்கை தந்த நீர் மாத்திரை இது. ஆனால் நெப்ரிலைசின் என்ற நொதி அந்தத் தூதை வெட்டி அழித்துவிடுகிறது.

அப்படியானால் நெப்ரிலைசினையும் முடக்கினால் என்ன? முதலில் அதை மட்டும் தனியாக முடக்கிப் பார்த்தார்கள். பெரிய பயன் இல்லை. ஏனெனில் நெப்ரிலைசின் ஆஞ்சியோடென்சினையும் வெட்டுகிற நொதி. அதை முடக்கியதும் கெட்டதும் சேர்ந்தே பெருகியது. அடுத்து ஏசிஇ, நெப்ரிலைசின் இரண்டையும் ஒரே மாத்திரையால் முடக்க ஓமாபாட்ரிலாட் என்ற மருந்தைச் செய்தார்கள். இருதயத் தளர்ச்சி நோயாளிகள் 5,770 பேரிடம் நடந்த ஆய்வில் எனலாபிரிலைவிட இது தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. இரத்தக் கொதிப்பு உள்ள 25,302 பேரிடம் நடந்த ஆய்வில் பெரிய ஆபத்து வெளிப்பட்டது. பிராடிகினினை அழிக்கும் இரண்டு வழிகளும் ஒரே சமயத்தில் அடைபட்டதால் அது மளமளவென்று சேர்ந்து, உதடு, நாக்கு, தொண்டை வீங்கின. எனலாபிரில் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக வந்த வீக்கம், இதில் நூற்றுக்கு இருவருக்கு மேல் வந்தது. தொண்டை அடைத்தால் மூச்சு நின்றுவிடும். அந்த மருந்து கைவிடப்பட்டது.

தோல்வியிலிருந்து பாடம் கற்றார்கள். நெப்ரிலைசினை முடக்கச் சக்யூபிட்ரில். ஆஞ்சியோடென்சினை அடக்க, பிராடிகினினைச் சேர்க்காத வால்சார்ட்டான். இரண்டையும் ஒரே மாத்திரையாக்கினார்கள். 2014-இல் வெளியான பாரடைம் ஆய்வில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் இதை எனலாபிரிலுடன் மோதவிட்டார்கள். சராசரி இருபத்தேழு மாதத்தில், இருதய நோயால் இறந்தவர்களும் இருதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் எனலாபிரில் பக்கம் 26.5 சதவீதம், புதிய மாத்திரைப் பக்கம் 21.8 சதவீதம். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விரைவிலேயே இந்தியாவுக்கும் வந்தது. 2023 முதல் பல இந்திய நிறுவனங்கள் செய்யத் தொடங்கியதால் விலையும் இறங்கியது.

பழைய பிரில் மாத்திரையிலிருந்து இதற்கு மாறுவோர், கடைசிப் பிரில் மாத்திரை விழுங்கி 36 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள் கழித்தே இதைத் தொடங்க வேண்டும். இரண்டும் ஒருசேர வயிற்றுக்குள் போனால், கைவிடப்பட்ட அந்த ஓமாபாட்ரிலாட்டை நாமே நம் உடம்புக்குள் தயாரித்தது போலாகும்.

இரண்டு சீட்டு, ஒரு நெஞ்சு

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா என் வாடிக்கையாளர். இந்தப் பக்கத்து டாக்டர் எழுதிய எனலாபிரிலை இரண்டு ஆண்டாக என்னிடம் வாங்கி வந்தார். தேனிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மூச்சு முட்டி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குணமாகித் திரும்பினார். ஒரு சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரம், புதுச் சீட்டை நீட்டினார். "தம்பி, இதுல உள்ளதையும் குடுங்க. பழைய மாத்திரையும் தீந்து போச்சு, அதுலயும் ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்றார். புதுச் சீட்டில் இருந்தது சக்யூபிட்ரில் வால்சார்ட்டான். பழையது எனலாபிரில். நான் இரண்டையும் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்றிரவே உதடும் நாக்கும் வீங்கிப் பேச்சுக் குழறியது. லயத்து ஜனங்கள் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் கடைக்கு வந்தபோது என்னைக் குற்றம் சொல்லவில்லை. "ரெண்டும் நெஞ்சுக்குத்தானேன்னு ரெண்டையும் முழுங்கிட்டேன் தம்பி" என்றார். எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

பழைய மாத்திரையை நிறுத்தவும் என்று புதுச் சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்ததைப் பிறகு பார்த்தேன். பழைய உறையில் இருந்தது மலையாளம். அந்த அம்மாளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மூன்று மொழியில் மூன்று பேர் எழுதினோம், பேசினோம். யாருமே அவருக்குப் புரியும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். இருதயச் சீட்டு கொண்டு வரும் யாராயிருந்தாலும், வீட்டிலுள்ள மாத்திரைப் பை முழுவதையும் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. உறைமேல் தமிழில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

கேரளத்துக் கணக்கு

இது ஏதோ ஒருவருடைய கதை என்று விட்டுவிடலாகாது. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 ஆஸ்பத்திரிகளில் இருதயத் தளர்ச்சியோடு சேர்ந்த 1,205 பேரை, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்து டாக்டர் ஹரிகிருஷ்ணன் முதலானோர் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேனாடுகளில் இந்நோய் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது; நமக்குப் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலேயே நூற்றில் எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். இருதயச் சுருக்கம் குறைந்தவர்களில், வீடு திரும்பும்போது விதிமுறைப்படியான மருந்துகள் முழுமையாகக் கிடைத்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். அவ்வாறு கிடைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்பதையும் அதே பதிவேடு காட்டியது. மருந்து இருக்கிறது, விலையும் இறங்கிவிட்டது. ஆனால் அது உரியவர் வயிற்றுக்கு உரிய முறையில் போய்ச் சேரவில்லை.

இன்று இந்நோய்க்கு நான்கு வகை மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. நாம் படித்த பிரில் அல்லது சக்யூபிட்ரில் வகை ஒன்று. இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா தடுப்பான் இரண்டு. ஸ்பைரோனோலாக்டோன் வகை மூன்று. சர்க்கரை நோய்க்கென்று வந்து இருதயத்துக்கும் உதவும் டாபாகிளிஃப்ளோசின் வகை நான்கு. எனவே மாத்திரை அதிகம் என்று பயந்து தாமாகவே ஒன்றைக் குறைப்பதும் தவறு.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. எந்தப் பக்கத்து டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள். சீட்டு மட்டும் போதாது.

2. கம்பெனிப் பெயர் நூறு இருக்கும். அட்டையில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 'பிரில்' என்று முடியும் மருந்தும் சக்யூபிட்ரிலும் ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு இருந்தால் உடனே டாக்டரைக் கேளுங்கள். சக்யூபிட்ரில் மாத்திரையில் ஏற்கெனவே ஒரு 'சார்ட்டான்' இருக்கிறது. அதனுடன் இன்னொரு சார்ட்டானும் கூடாது.

3. வறட்டு இருமல் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

5. முட்டிவலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலைத்தோட்டத்து ஜனங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

6. கர்ப்பிணிகளுக்கு இவ்வகை மருந்துகள் ஆகா. சிசுவைப் பாதிக்கும்.

7. தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை அல்ல, நீர். டாக்டரைப் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் குறையுங்கள்.

நம் சங்கத்தில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள், சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, வயதானவர்களின் மாத்திரை உறைகள்மேல் இது என்ன மருந்து, எந்த வேளைக்கு, எதோடு சேரக் கூடாது என்று, டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்டுத் தமிழில் எழுதித் தரலாம். ஒரு பேனாவும் ஒரு மணி நேரமும் போதும். முதல் மாதத்துக்கு நான் வந்து உட்காரத் தயார். அந்தப் பெரியம்மாவுக்கு நான் பட்ட கடன் அப்படியாவது கொஞ்சம் தீரட்டும்.